கள்ளிமுள்ளை மீட்டுபவர் யார்?

அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் (1912–1992) 1975ஆம் ஆண்டில் எழுதிய ‘சைல்ட் ஆஃப் ட்ரீ’, ஒற்றைத் தாளக் கலைஞருக்கான படைப்பு. நீளம் எட்டு நிமிடம். தோல் போர்த்திய கருவியோ உலோகத் தகடோ இதில் கிடையாது. வாசிக்க வேண்டிய பத்துக் கருவிகளும் தாவரங்களிலிருந்து வந்தவை. ஒன்று பாயின்சியானா மரத்தின் காய்ந்த நெற்று. தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் கோடைதோறும் சிவந்து பூக்கும் குல்மோகருக்கு மேலைநாட்டில் வழங்கும் பெயர் அது. நெற்றைக் குலுக்கினால் உள்ளே விதைகள் கலகலக்கும். இன்னொன்று கள்ளி. மற்றவற்றை வாசிப்பவரே தேடிக்கொள்ள வேண்டும். சருகு, சுள்ளி, உலர்ந்த சுரைக்குடுக்கை, மூங்கில் துண்டு என எதுவானாலும் செடியிலோ மரத்திலோ விளைந்ததாக இருந்தால் போதும்.

ஸ்வரக் குறிப்புகள் எதுவும் இதற்கு இல்லை. கேஜ் தம் கைப்பட எழுதிய அறிவுரைகளே படைப்பின் பிரதி. வாசிப்பவர் பழைய சீன நூலான ஐ சிங்கின் முறைப்படி காசு போட்டுப் பார்த்து எட்டு நிமிடத்தைப் பகுதிகளாகப் பிரித்துக்கொள்கிறார். எந்தப் பகுதியில் எந்தக் கருவிகள் என்பதையும் காசே முடிவு செய்கிறது. மூன்று காசுகளை ஆறு முறை வீசினால் ஆறு கோடுகள் கிடைக்கும். ஆறு கோடுகளால் அமையக்கூடிய உருக்கள் மொத்தம் 64. ஆகவே கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 64 வரை ஏதோ ஓர் எண் விடையாக வந்து நிற்கும். இந்தக் கணக்கெல்லாம் மேடையேறுமுன் முடிந்துவிடும். மேடையில் ஸ்டாப்வாட்சைப் பார்த்தபடி, அந்தந்த நேரத்துக்குரிய கருவியை மனோதர்மமாக வாசிப்பதுதான் மிச்சம். ஆனால் அந்த மனோதர்மத்துக்கும் ஒரு பணி விதிக்கப்பட்டிருக்கிறது: காலம் எங்கே பிரிகிறது என்பது கருவிகளின் மூலம் கேட்பவருக்குப் புலப்பட வேண்டும்.

கள்ளி வாசிக்கப்படும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். கைக்கு அடங்கும் அளவுள்ள ஒரு கள்ளியின் உடலோடு, அதிர்வை நேரடியாக வாங்கும் சிறு மைக் ஒன்று பொருத்தப்படுகிறது. வாசிப்பவர் நகத்தாலோ பல்குத்தும் குச்சியாலோ ஒரு முள்ளைத் தெறித்து விடுகிறார். மைக் இல்லாவிட்டால் காதைக் கிட்டே கொண்டுபோனால் மட்டுமே கேட்கும் ஒலி அது. பெருக்கிய பிறகு, ஆழமான பானைக்குள் நீர் சொட்டுவதைப் போல உருண்டு திரண்டு அரங்கை நிறைக்கிறது. நீண்ட முள் தாழ்ந்த சுருதியிலும் குட்டை முள் உயர்ந்த சுருதியிலும் ஒலிக்கும். ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்ட கம்பியின் இயல்பு இது. தடிமன் மாறாமல் நீளம் பாதியானால் அதிர்வெண் நான்கு மடங்காகும். முள்ளோ அடியில் பருத்து நுனியில் கூர்ந்திருப்பது. ஒரே செடியில் வளர்ந்த இரண்டு முட்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. பார்த்த மாத்திரத்தில் சுருதியைச் சொல்லிவிட முடியாது. தெறித்துப் பார்த்த பிறகே தெரியும். கொஞ்சம் அழுத்தித் தெறித்தால் முள் ஒடிந்துவிடும். ஒடிந்த முள்ளின் சுருதி போனது போனதுதான்.

இந்த ஒலி கேஜின் காதுக்கு வந்தது ஒரு பயணத்தில். மெர்ஸ் கன்னிங்ஹாமின் நடனக் குழு அரிசோனாவில் இருந்தபோது, குழுவின் நடனக் கலைஞர் ஒருவர் காய்ந்த கள்ளி ஒன்றைக் கொண்டுவந்து கேஜின் காதருகே பிடித்து முள்ளைச் சுண்டிக் காட்டினார். பின்னர் இந்தப் படைப்பு கன்னிங்ஹாமின் ‘சோலோ’ என்ற நடனத்துக்கு இசையாக அமைந்தது. தலைப்பு ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘ஃபின்னெகன்ஸ் வேக்’ நாவலில் வரும் ஒரு தொடர். மரத்தின் பிள்ளை என்று பொருள். உறங்கும் சிறுமி ஒருத்தியைப் பற்றிய அந்தப் பத்தியையே 1942இல் கேஜ் ஒரு பாடலாக்கியிருந்தார்.

விந்தையான கருவிகளைத் தேடிப் பிடித்த சோதனை என்று இதைச் சொல்லிவிட்டுக் கடந்துபோனால் இதன் மையம் தவறிவிடும். மையத்தில் இருப்பது ஒரு சமயக் கேள்வி. செயல் நடக்கிறது, செய்பவர் யார்? அகங்காரத்தால் மயங்கியவன்தான் தன்னைக் கர்த்தாவாக நினைத்துக்கொள்கிறான் என்கிறது கீதை. செயலுக்குப் பின்னால் நிலையான ஆள் ஒருவரைத் தேடினால் கிடைக்கமாட்டார் என்கிறது பௌத்தம். இடைக்கால ஜெர்மானிய ஞானி எக்கார்ட், தன் சித்தம் முற்றும் ஒழிந்த இடத்திலேயே இறைவன் செயல்படுகிறான் என்று போதித்தார். இந்த மூன்று மரபுகளின் எழுத்துகளையும் கேஜ் 1940களில் படித்திருந்தார். படித்ததை அவர் வாதமாக எழுதி வைக்கவில்லை, தொழில்முறையாக மாற்றிக்கொண்டார். கர்த்தா இல்லாத செயலை ஒருவர் உண்மையிலேயே செய்துகாட்ட முடியுமா என்பதை ஒலியில் சோதித்துப் பார்த்த மனிதர் அவர். ‘சைல்ட் ஆஃப் ட்ரீ’ அந்தச் சோதனையின் கூர்மையான கட்டங்களில் ஒன்று.

அவரை இங்கே கொண்டுவந்த வழி தாளத்தில்தான் தொடங்கியது. 1930களில் லாஸ் ஏஞ்சலஸில் ஜெர்மானியத் திரைப்படக் கலைஞர் ஆஸ்கர் ஃபிஷிங்கருக்கு உதவியாளராக இருந்தபோது, உலகத்துப் பொருள் ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் ஆவி உறைகிறது, அதன் ஒலியை எழுப்பினால் அது விடுதலை பெறும் என்று ஃபிஷிங்கர் சொன்னார். அன்று முதல் கண்ணில் பட்டதையெல்லாம் தட்டிப் பார்க்கத் தொடங்கியதாகக் கேஜ் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். 1939இல் சியாட்டிலின் கார்னிஷ் பள்ளியில் இருந்தபோது எழுதிய ‘ஃபர்ஸ்ட் கன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்ற படைப்பில் மோட்டார் வண்டியின் பிரேக் டிரம், பட்டறைக் கல், இடியோசை தரும் இரும்புத் தகடு எல்லாம் கருவிகளாயின. சுருதிக்குள் அடங்காத இரைச்சலையும் மௌனத்தையும் ஒன்றாகக் கட்டி நிறுத்தக்கூடியது காலஅளவு ஒன்றே என்று அப்போதே அவர் கண்டுகொண்டார். எட்டு நிமிடத்தைக் கூறுபோடுவதிலிருந்து ‘சைல்ட் ஆஃப் ட்ரீ’ தொடங்குவது அந்தக் கண்டுபிடிப்பின் தொடர்ச்சி.

1940களின் நடுவில் அவருக்கு ஒரு சோர்வு வந்தது. துயரத்தை நினைத்து எழுதியதைக் கேட்டு மக்கள் சிரித்தார்கள். ஒருவர் மனத்தில் இருப்பதை இன்னொருவருக்குக் கொண்டுசேர்ப்பதுதான் இசை என்றால் இசையையே விட்டுவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. அந்த நேரத்தில், 1946இல், அகமதாபாத்திலிருந்து கீதா சாராபாய் நியூயார்க் வந்தார். பக்கவாஜ் பயின்ற இளம்பெண். மேலை இசை இந்தியாவில் பரவும் வேகத்தைக் கண்டு, அது என்னவென்று தெரிந்துகொள்ள வந்தவர். கேஜ் அவருக்கு மேலை இசையின் எதிர்ப்பண் இயலைச் சொல்லிக்கொடுத்தார். கட்டணத்துக்குப் பதிலாக அவரிடமிருந்து இந்திய இசையைக் கற்றுக்கொண்டார். இசை எதற்காக என்று கேட்டபோது, மனத்தை அடக்கி அமைதியாக்கித் தெய்வ அருளுக்கு இடம் தரும்படி செய்வதற்காக என்று தம் குரு சொன்னதைக் கீதா சொன்னார். இந்த விடை கேஜின் வாழ்க்கையைத் திருப்பியது என்று சொன்னால் அது மிகை ஆகாது. ஊர் திரும்பும்போது கீதா அவருக்குக் கொடுத்துச் சென்ற நூல் ராமகிருஷ்ணரின் அமுதமொழிகள்.

மனத்தைக் கலைப்பது எது? விருப்பும் வெறுப்பும். அப்படியானால் இசையமைப்பவர் தம் விருப்பு வெறுப்புகளைப் பாட்டில் ஏற்றுவது, அடக்க வேண்டியதற்கே தீனி போடுவதாகும். கேஜின் சிந்தனை இந்தத் திசையில் நகர்ந்தபோது இன்னொரு துணை கிடைத்தது. கொழும்பில் 1877இல் பிறந்து, பின்னாளில் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஆனந்த குமாரசாமியின் எழுத்துகள் அவை. இலங்கைத் தமிழரான சர் முத்துக்குமாரசுவாமியின் மகன் அவர். கலை இயற்கையின் தோற்றத்தைப் பிரதியெடுப்பதில்லை, இயற்கை செயல்படும் விதத்தைப் பின்பற்றுகிறது என்ற கருத்தை அவருடைய 1934ஆம் ஆண்டு நூலிலிருந்து கேஜ் எடுத்துக்கொண்டு வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார். அதன் வேர் தாமஸ் அக்குவினாஸிடம் இருக்கிறது. ‘சொனாட்டாஸ் அண்ட் இன்டர்லூட்ஸ்’ என்ற கேஜின் பியானோ தொகுதிக்கு அடிப்படையான நவரசக் கொள்கையும் குமாரசாமி வழியாக வந்ததே.

இங்கே ஒரு விலகல் இருக்கிறது. அதைக் கவனிக்காமல் விட்டால் கேஜைக் கீழைத்தேய மரபின் வாரிசாக எளிதில் முடிசூட்டிவிட நேரும். குமாரசாமியும் கலைஞரின் ‘நான்’ மறைய வேண்டும் என்றார். பெயர் பொறிக்காத சிற்பியே அவருக்கு முன்மாதிரி. ஆனால் அந்தச் சிற்பியின் ‘நான்’ மறைந்த இடத்தில் சாஸ்திரம் பேசுகிறது. அளவும் முத்திரையும் தியான சுலோகமும் தலைமுறைகளாகத் தீர்மானிக்கப்பட்டவை. கேஜின் ‘நான்’ மறைந்த இடத்தில் காசு பேசுகிறது. ஒன்றில் பொருள் நிறைந்திருக்கிறது, மற்றொன்றில் பொருள் வேண்டுமென்றே காலி செய்யப்பட்டிருக்கிறது. இரண்டும் தன்னொழிப்புதான் என்றாலும் ஒரே தன்னொழிப்பு அல்ல. 1947இல் மறைந்த குமாரசாமி கள்ளி வாசிப்பைக் கேட்டிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பார் என்று நம்பக் காரணம் எதுவும் இல்லை.

காசு வந்தது 1950களின் தொடக்கத்தில். கேஜிடம் படித்துக்கொண்டிருந்த கிறிஸ்டியன் வுல்ஃப் ஐ சிங் நூலின் ஆங்கிலப் பதிப்பை அவருக்குக் கொடுத்தார். ஏறக்குறைய அதே காலத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டி. டி. சுசூகி ஜென் பௌத்தம் பற்றி நிகழ்த்திய வகுப்புகளுக்குக் கேஜ் போய்வந்தார். மனம் தன் விருப்பு வெறுப்புகளால் தன்னை அடைத்துக்கொள்ளவும் முடியும், திறந்துவிடவும் முடியும் என்ற பாடத்தை அங்கே பெற்றார். சம்மணமிட்டு மூச்சைக் கவனித்து உள்ளே போவது ஒரு வழி. தமக்கு ஏற்கெனவே வாய்த்த தொழிலான இசையையே பயிற்சியாக வைத்துக்கொண்டு வெளியே போவது தம் வழி என்று அவர் தீர்மானித்தார். பல்லாயிரம் முறை பொறுமையாகக் காசு போடுவது அவருக்குத் தியான இருக்கையாயிற்று. 1951இல் எழுதிய ‘மியூசிக் ஆஃப் சேஞ்சஸ்’ அப்படி உருவானது. 1952 ஆகஸ்ட் 29 அன்று வுட்ஸ்டாக்கில் டேவிட் டியூடர் பியானோ முன் அமர்ந்து ஒரு ஸ்வரமும் வாசிக்காமல் நிகழ்த்திய ‘4 நிமிடம் 33 வினாடி’ இந்தப் பாதையின் புகழ்பெற்ற மைல்கல்.

ஆனால் மௌனப் படைப்பு ஒரு வகையில் எளிய விடை. செயலை நிறுத்திவிட்டால் கர்த்தாவும் இல்லை. செயல் நடந்துகொண்டே இருக்கும்போது கர்த்தாவை எப்படி விலக்குவது என்பதுதான் கடினமான கேள்வி, கீதையின் கேள்வியும் அதுதான். ‘மியூசிக் ஆஃப் சேஞ்சஸ்’ அதற்கு முழு விடை ஆகவில்லை. அதில் இசையமைப்பவரின் விருப்பம் விலகியது. வாசிப்பவரோ காசு விதித்ததை அணு பிசகாமல் வாசிக்க வேண்டியவராகிக் கட்டுண்டார். கேஜே 1958இல் டார்ம்ஷ்டாட் சொற்பொழிவில் இதைக் கடுமையாக விமர்சித்தார். சரி, வாசிப்பவரைச் சுதந்திரமாக விட்டால்? அதிலும் அவருக்குத் தயக்கம் இருந்தது. மனோதர்மம் சுதந்திரம் போலத் தோன்றினாலும், நடைமுறையில் கை பழகிய இடத்துக்கே போகும், காது ருசித்ததையே தேடும். பாடகரோ வாத்தியக்காரரோ தாமே பாடுவதாக நினைத்திருக்க, பழக்கம் பாடிக்கொண்டிருக்கும். இதனால்தான் பல ஆண்டுகள் அவர் மனோதர்மத்தை ஒதுக்கியே வைத்திருந்தார்.

கள்ளி அந்த முட்டுச்சந்தைத் திறந்தது. தாள வாத்தியங்களின் வழக்கமான உலகில் சாதகம் சேர்ந்துகொண்டே போகும். கீதா சாராபாய் வாசித்த பக்கவாஜில் ஒவ்வொரு சொல்லும் விரலில் ஏற ஆண்டுகள் பிடிக்கும், ஏறியது இறங்காது. கள்ளியில் சாதகம் செய்யச் செய்யக் கருவி தேய்கிறது. எந்த முள் எந்தச் சுருதி என்று மனப்பாடம் ஆவதற்குள் பாதி முட்கள் ஒடிந்திருக்கும். வேறு கள்ளி வாங்கினால் அதன் முட்கள் வேறு. அறியாமை மறுபடியும் புதிதாகிறது. நெற்றும் அப்படியே, உலர்ந்து வெடித்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். விருப்பத்தின்படி வாசிக்க ஒருவருக்கு என்னென்ன ஒலி கையில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாத இடத்தில் விருப்பம் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. ஆகவே வாசிப்பவர் முழுச் சுதந்திரத்தோடு இருக்கிறார், ஆனால் சுதந்திரத்தைச் சொந்த ருசிக்குப் பயன்படுத்த வழியில்லாமலும் இருக்கிறார். கேஜ் பிற்காலத்தில் கொடுத்த நேர்காணல்களில் இந்தக் காரணத்தைத் தாமே விளக்கியிருக்கிறார். மனோதர்மத்தை ஏற்றுக்கொள்ளவும், அதன் நோயைத் தவிர்க்கவும் ஒருசேர முடிந்த இடம் அது.

1977இல் வந்த ‘இன்லெட்ஸ்’ இதையே இன்னும் ஓர் அடி முன்னே கொண்டுபோகிறது. மூன்று கலைஞர்கள் நீர் நிரப்பிய சங்குகளை மெல்லச் சாய்க்கிறார்கள். சங்கின் உட்சுருளுக்குள் காற்றும் நீரும் இடம் மாறும்போது ‘களக்’ என்று ஓர் ஒலி எழும். எப்போது எழும் என்பது சாய்ப்பவருக்கே தெரியாது. சில வேளை எழாமலும் போகும். செயலும் விளைவும் இதில் கண்முன்னே பிரிந்து நிற்கின்றன. கள்ளியில் முள்ளைத் தெறித்தால் ஏதோ ஒரு ஒலி உறுதி. சங்கில் அந்த உறுதியும் இல்லை.

இனி இந்தச் சோதனைக்கு எதிராகச் சொல்லக்கூடியவை. முதலாவது நேரானது: ‘நான்’ ஒழியவில்லை, மாடி ஏறி உட்கார்ந்துகொண்டது. எட்டு நிமிடம் என்று விதித்தது யார்? கள்ளியும் நெற்றும் கட்டாயம் என்றது யார்? காசுக்கு முன்னால் கேள்விகளை அடுக்கியது யார்? ஒலிகளைத் தேர்ந்தெடுக்காத கேஜ், தேர்ந்தெடுக்காமல் இருக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தார். இதை மறுக்க முடியாது. தம் வேலை விடைகளைத் தருவதிலிருந்து கேள்விகளைக் கேட்பதற்கு மாறிவிட்டது என்று அவரே ஒத்துக்கொண்டிருக்கிறார். எனினும் விதியை ஒருமுறை எழுதிவிட்டு விளைவைக் கைவிடுவதும், ஒவ்வொரு நொடியும் விளைவைத் திருத்திக்கொண்டிருப்பதும் ஒன்றல்ல. நோன்பு எடுப்பதும் ஒருவரின் விருப்பத்தால்தான். அதனால் நோன்பு பொய்யாகிவிடாது. எடுத்த பிறகு அது விருப்பத்தைக் கட்டுப்படுத்துகிறதா என்பதே கேள்வி, இங்கே கட்டுப்படுத்துகிறது.

இரண்டாவது மறுப்பு தத்துவ அறிஞர் ஸ்டான்லி கேவலின் 1960களின் கட்டுரைகளில் காணப்படும் கருத்தைச் சார்ந்தது. கலைப்பொருள் என்பது ஒருவர் எண்ணிச் செய்தது. அதற்காக நாம் ஒருவரைப் பொறுப்பாக்குகிறோம், ஏன் இப்படி என்று கேட்கிறோம். எண்ணமே இல்லாத ஒலியிடம் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. இது வலுவான மறுப்பு. இதற்குக் கேஜ் தரப்பிலிருந்து ஓரளவே பதில் கிடைக்கும்: கேட்பவர் பொறுப்பைத் தேடுவதை விட்டுவிட்டு ஒலியையே கேட்கட்டும். ஆனால் அப்படிக் கேட்பதற்கு அரங்கும் மேடையும் எட்டு நிமிட வரம்பும் எதற்கு? தோட்டத்தில் போய் நின்றால் போதாதா? ஜென் நூல்களை மேலைநாட்டில் பரப்பிய ஆலன் வாட்ஸும் 1950களின் இறுதியில் ஏறக்குறைய இதே குறையைக் கேஜ் மீது சொன்னார். தாம் செய்வதற்கு ஜென் மீது பழி போட வேண்டாம், ஆனால் அதன் தொடர்பு இல்லாவிட்டால் இதைச் செய்திருக்கவும் மாட்டேன் என்று ‘சைலன்ஸ்’ நூலின் முன்னுரையில் கேஜ் பதில் எழுதினார். பணிவான பதில். கேவலின் மறுப்புக்கு அது விடையாகாது. கள்ளிமுள்ளின் ஒலியைத் தோட்டத்தில் யாரும் கேட்கப்போவதில்லை என்பதையே ஒருவேளை விடையாகச் சொல்லலாம். மைக்கும் அரங்கும் எட்டு நிமிடமும் அந்த ஒலிக்கு ஓர் இடம் கொடுக்கின்றன. வேறெங்கும் அதற்கு இடம் இல்லை.

மூன்றாவது, அதிகம் பேசப்படாதது. ஒவ்வொரு பொருளுக்குள்ளும் ஆவி உண்டு என்று தொடங்கிய பாதை, முட்கள் ஒடிவதில் வந்து முடிகிறது. ஒலி பிறக்கும் ஒவ்வொரு தடவையும் செடி கொஞ்சம் சேதமாகிறது. முதலில் காதுக்கு வந்த கள்ளி காய்ந்தது என்பது இதைச் சற்றுத் தணிக்கும். ஆனால் மேடைகளில் உயிருள்ள தொட்டிச் செடிகளையும் கலைஞர்கள் பயன்படுத்துகிறார்கள். தன் ‘நானை’ விலக்கும் பயிற்சிக்கு இன்னொரு உயிரின் உடல் செலவாகலாமா என்ற கேள்வியை, கேஜ் போற்றிய இந்திய மரபே அவரிடம் கேட்கக்கூடியது. படைப்பின் விதிகளுக்குள் இதற்குப் பதில் இல்லை. காய்ந்த பொருள்களை மட்டும் தேர்ந்துகொள்ளும் உரிமை வாசிப்பவரிடம் இருக்கிறது. நல்ல கலைஞர் அதைப் பயன்படுத்துவார்.

கீதையோடு வைத்துப் பார்த்தால் ஓர் எல்லைக்குப் பிறகு வழிகள் பிரிகின்றன. கர்மயோகத்தில் பலனைத் துறக்கலாம், செயலின் காரணத்தைத் துறக்க முடியாது. அர்ஜுனன் செய்வது அவனுக்கு விதிக்கப்பட்ட தர்மம். கள்ளி வாசிப்பவருக்கு அப்படி ஒரு தர்மம் இல்லை. கடமையின் இடத்தில் கவனம் இருக்கிறது. அடுத்து வரும் ஒலி என்ன என்று தெரியாததால் அவர் பாதி வாசிப்பவர், பாதி கேட்பவர். அரங்கில் அமர்ந்திருப்பவருக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவே அவருக்கும் தெரியும். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே ஒலியை முதன்முறையாகக் கேட்கிறார்கள். சமயத்திலிருந்து கேஜ் இசைக்குக் கொண்டுவந்தவற்றில் நிலைத்து நிற்பது இந்தச் சமநிலைதான் என்று கொள்ளலாம். வாசிப்பவரின் கைப்பக்குவமும் நேர உணர்வும் மேடைத் தைரியமும் எந்தக் காசுக்கும் அடங்காமல் உள்ளே வந்துவிடும் என்பது உண்மை. தேர்ந்த தாளக் கலைஞர் வாசிக்கும் கள்ளியும் புதியவர் வாசிக்கும் கள்ளியும் ஒன்றாக ஒலிப்பதில்லை. ஆகவே கர்த்தா முழுவதும் விலகிவிட்டதாகச் சொல்வது மிகை. அவருடைய ஆட்சி சுருங்கி, கவனிப்பது மட்டும் அவருக்கு மிஞ்சுகிறது.

கடைசியாக, படைப்பின் அடையாளம் பற்றிய சிக்கல். இரண்டு கலைஞர்கள் ‘சைல்ட் ஆஃப் ட்ரீ’யை வாசித்தால் ஒரு ஒலிகூடப் பொதுவாக இராது, கருவிகள் வேறு, பகுதிகள் வேறு, முட்கள் வேறு. பொதுவானது விதி மட்டுமே. ஆயினும் இரண்டும் கேஜின் படைப்பு என்றே அறிவிக்கப்படுகின்றன. பிரதி அவர் பெயரில் விற்கிறது. ஒலிப்பதிவு இந்தச் சிக்கலைக் கூட்டுகிறது. பதிவில் ஒடிந்த முள்ளும் ஒவ்வொரு முறையும் அதே நொடியில் அதே சுருதியில் ஒலிக்கும்; கேட்கக் கேட்க அது மனப்பாடமாகி, விருப்பு வெறுப்பு குடியேறிவிடும். ஒலித்தட்டுகள் மீது கேஜுக்கு நம்பிக்கை இல்லாமல் போனதற்கு இதுவும் காரணம். 1976இல் அவர் ‘சைல்ட் ஆஃப் ட்ரீ’யின் விதிகளையே விரித்து ‘பிராஞ்சஸ்’ எழுதினார். எட்டு நிமிட வாசிப்புகள் இடையிடையே மௌனத்தோடு அடுத்தடுத்து வரும். மௌனத்தின் நீளத்தையும் காசே சொல்லும். அதைத் தனியாகவும் வாசிக்கலாம், பலர் சேர்ந்தும் வாசிக்கலாம்.